குடைக்கரடியும் ஏழாவது வாத்தும்

ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்துக்கொண்ட ஒரு திங்கட்கிழமை காலையில், பாளையங்கோட்டைக்குத் தெற்கே இருக்கும் எங்கள் தண்ணித்தொட்டி காலனியில், ஆறு பேர் வாத்துக் குரலோடு எழுந்தார்கள். ஆறு பேருமே நாற்பதை ஒட்டிய வயதுக்காரர்கள், பிள்ளைகுட்டி உள்ளவர்கள், சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை போட ஆரம்பித்தவர்கள். பல் தேய்த்துவிட்டுக் காப்பி கேட்கத் திறந்த வாயிலிருந்து, ஒரு சொல் முடியுமுன் அடுத்த சொல் முட்டிக்கொண்டு வரும் கீச்சுக் குரல் ஒன்று வந்தது. வீட்டிலுள்ளவர்கள் முதலில் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார்கள், பிறகு வயதுக்குத் தகுந்த மாதிரி நடந்துகொள்ளச் சொல்லிக் கோபப்பட்டார்கள், பிறகு பயந்துபோய் மிளகும் பனங்கற்கண்டும் தட்டிப் பாலில் போட்டுக் கொடுத்தார்கள்.

பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள். தொண்டை டாக்டர் ஆறு பேரையும் வரிசையாக நிற்கவைத்து வாய்க்குள் பார்த்துவிட்டு, எல்லாம் தங்கமாக இருக்கிறது, உப்புத் தண்ணீர் கொப்பளித்தால் போதும் என்று அனுப்பிவிட்டார். கொப்பளித்தார்கள். கொப்பளிக்கிற சத்தமும் வாத்து மாதிரியே இருந்தது.

எங்கள் காலனியின் சுபாவம் ஒன்று உண்டு. எது வந்தாலும் கொஞ்ச நாள் வாயைப் பிளப்போம், அப்புறம் அதோடு குடித்தனம் நடத்தப் பழகிவிடுவோம். மொபெட்டில் மீன் விற்கும் சுடலைமுத்து, முன்பெல்லாம் தெருமுனையில் ஒரு சத்தம் கொடுத்தால் தூங்குகிற குழந்தை வீறிட்டு அழும். இப்போது அவன் கீச்சென்று கூவியதும் குழந்தைகள் வாசலுக்கு ஓடிவந்தன, பின்னாலேயே தாய்மார்கள் வந்தார்கள், சாளை முதல் தெருவிலேயே விற்றுத் தீர்ந்தது. அங்கன்வாடி டீச்சருக்கும் யோகம்தான், பிள்ளைகள் அவளை விட்டு வீட்டுக்குப் போகமாட்டேன் என்றன. வக்கீல் செல்வின் பாடுதான் திண்டாட்டம். கோர்ட்டில் எழுந்து நின்று அவன் வாயைத் திறந்ததும் ஜட்ஜ் ஃபைலால் முகத்தை மறைத்துக்கொண்டாராம். அதிலிருந்து சொல்ல வேண்டியதை எழுதிக் கொடுத்து ஜூனியரைப் படிக்கவைத்தான். எல்லாரிலும் அடிபட்டவள் கிரேஸ்லின். பஸ் ஸ்டாண்டில் மைக் பிடித்து எந்த பஸ் எங்கே நிற்கிறது என்று அறிவிக்கிற வேலை அவளுக்கு. கோவில்பட்டிக்குப் போகிறவர்கள் ஒலிபெருக்கிக்குக் கீழே கூடி நின்று சிரித்துக் கோவில்பட்டி பஸ்ஸைத் தவறவிட்டார்கள். குரல் சரியானதும் வா, அதுவரை வேறு ஒரு பெண்ணைப் பார்த்துக்கொள்கிறோம் என்று அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். புருஷன் இல்லாத வீடு, படிக்கிற பெண்கள் இரண்டு பேர். அவள் கதவைச் சாத்திக்கொண்டு யாரோடும் பேசாமல் கிடந்தாள்.

அது யாருடைய குரல் என்பதைக் கண்டுபிடித்தது ரேஷன் கடை வரிசை. சுடலைமுத்துவும் அங்கன்வாடி டீச்சரும் பாமாயில் வந்திருக்கிறதா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். இரண்டு குரலும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தபோது, வரிசையில் அந்த வயதை ஒட்டி நின்றவர்கள் அத்தனை பேரும் பையைக் கீழே போட்டுவிட்டார்கள். தலையில் பாதி முடி போன ஒருவர் வாய்விட்டு, "குடைக்கரடி" என்றார். சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

குடைக்கரடியைத் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். நாங்கள் சின்னப்பிள்ளைகளாக இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவியில் வந்த ஒரு பொம்மைப்படம் அது. எந்த நாட்டில் எடுத்ததோ, வாயசைவுக்கும் தமிழ்ப் பேச்சுக்கும் ஒட்டே இருக்காது. எப்போதும் மழை பெய்கிற ஊரில் ஒரு கரடி குடையோடு நடக்கும், அதன் பின்னால் ஏழு வாத்துக்குஞ்சுகள் நனைந்துகொண்டே போகும், அவ்வளவுதான் கதை. அதற்காக நாங்கள் சர்ச்சிலிருந்து பாதி ஆராதனையில் நழுவி வந்து அடி வாங்கியிருக்கிறோம். குடை சிவப்பா நீலமா என்று இன்றைக்கும் எங்களுக்குள் சண்டை உண்டு. பெரும்பாலான வீட்டில் அப்போது கறுப்பு வெள்ளை டிவிதான் என்பதை யாரும் நினைப்பதில்லை.

படம் நன்றாக ஓடுவதைப் பார்த்து, பாட்டுப் பதிவு செய்து தரும் கடை வைத்திருந்த ராயப்பன் என்பவர், யாரிடமும் கேட்காமல், குடைக்கரடி பாட்டுகள் என்று ஒரு கேசட்டே போட்டுவிட்டார். படத்தில் பாட்டே கிடையாது. எல்லாம் அவரே எழுதி அவரே மெட்டுப் போட்டது. கரடிக்கும் அவர்தான் குரல். வாத்துகளுக்கு எங்கள் காலனியிலிருந்து ஏழு பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்து, கடைக்குப் பின்னால் சாக்கு தொங்கவிட்ட அறையில் நிற்கவைத்தார். பிள்ளைகளை இழுத்து இழுத்து மெதுவாகப் பாடச் சொன்னார், பிறகு அந்த நாடாவை வேகமாக ஓட்டிப் பதிந்தார். பிள்ளைக் குரல் கீச்சு வாத்தாகிவிட்டது. அந்தத் தந்திரம் தெரியாமல் நாங்கள் எல்லாரும் தொண்டையை நெரித்துக்கொண்டு அப்படிப் பாடிப் பார்த்தோம். கேசட் ஊரெல்லாம் விற்றது. கல்யாண வீட்டில்கூட போட்டார்கள். அப்புறம் படம் நின்றது, ராயப்பன் போய்ச்சேர்ந்தார், கேசட்டுகளை உடைத்து நாடாவை உருவி, குருவி விரட்ட வயலில் கட்டினோம். அதில் ஒன்றைக்கூட வைத்துக்கொள்ளாமல் போனோமே என்று ரேஷன் கடை வாசலில் நின்று ஆளாளுக்கு அங்கலாய்த்தோம். போனது கேசட் மட்டும் இல்லை என்பது எங்களுக்குத் தெரியாமல் இல்லை.

வாத்துக் குரலோடு எழுந்த ஆறு பேரும் அன்றைக்குச் சாக்கு அறையில் நின்றவர்கள். ஏழாவதாக நின்றது எமீமா. அந்த நினைவு வந்ததும் எல்லாரும் கடைசித் தெருவில் இருக்கும் பாக்கியத்தின் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தோம்.

பாக்கியம் எமீமாவின் அம்மா. மிஷன் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவள். புருஷன் போய் வெகுகாலம். கேசட் வெளிவந்து கொஞ்ச நாளில் எமீமாவுக்கு மூளைக்காய்ச்சல் கண்டது, ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை, ஒன்பது வயசு. போட்டோ ஒன்று இருந்தது. குரல் என்று பார்த்தால் அந்தக் கேசட்தான், அதிலும் ஏழு வாத்துகளுக்குள் ஒரு வாத்தாக. இத்தனை வருஷமாக அவள் அதைப் போட்டுப் போட்டுக் கேட்டு, இதுதான் என் பிள்ளை என்று ஒரு நாள் ஒரு குரலைச் சொல்வாள், அடுத்த நாள், இல்லை அது சுடலை, இதுதான் அவள் என்பாள். உண்மையில் அவளுக்குத் தெரியாது. பெற்றவளுக்குப் பிள்ளையின் குரல் அடையாளம் தெரியவில்லை என்பதை எங்கள் முன்னால் ஒத்துக்கொள்ள அவளுக்கு வெட்கமாக இருந்தது, எங்களுக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

கிரேஸ்லினையும் கூட்டிக்கொண்டு நாங்கள் கும்பலாகப் போய்க் கேட்டதும் அவள் டேப் ரிகார்டரைத் துடைத்து நாற்காலியில் வைத்துக் கேசட்டைப் போட்டாள். ராயப்பனின் கரகரப்புக் குரலில் கரடி பாடியது, டோலக்கு அடித்தது, வாத்துகள் சேர்ந்து பாட வேண்டிய இடம் வந்தது. ஆறு குரல் அதில் இல்லை. ஆறும் வெளியே வந்து எங்களோடு நின்றிருந்தன. ஒரே ஒரு கீச்சுக்குரல் மட்டும், தாளத்துக்குக் கொஞ்சம் பிந்தி,

"இடமிருக்கா இடமிருக்கா கரடி மாமா, ஏழு பேருக்கும் இடமிருக்கா கரடி மாமா"

என்று தனியாகப் பாடியது. பாக்கியம் நாற்காலியின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஏன் இப்படி நடந்தது என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. மகள் கிடைத்துவிட்ட வீட்டில் போய் அதை எப்படிக் கேட்பது? வெளியே வந்த ஆறு பேரும், இருந்துவிட்டுப் போகட்டும், நம் குரல் இப்படியே கிடந்தாலும் பாக்கியம் அத்தை கேட்கட்டும் என்று பெருந்தன்மையாகச் சொன்னார்கள். சொன்ன விதம்தான் வாத்து மாதிரி இருந்தது, அதற்காக யாரும் சிரிக்கவில்லை.

அந்த மழையில் கரண்ட் போவது சகஜம். ஒரு மத்தியானம் கரண்ட் போனபோது பாக்கியம் பழைய டார்ச்சிலிருந்து செல்லை உருவி ரிகார்டரில் போட்டாள். செல் தீர்கிற நிலையில் இருந்தது, நாடா இழுத்து இழுத்து ஓடியது, கரடியின் குரல் கிணற்றுக்குள் போனது. அப்போது வாத்தின் கீச்சுக் குரல் மெல்ல இறங்கி, இறங்கி, ஒரு நிமிஷத்துக்கு எமீமாவின் சொந்தக் குரலாகவே ஆனது. ராயப்பன் வேகமாக ஓட்டிக் கெடுத்ததைச் செத்துக்கொண்டிருந்த செல் நிறுத்தி நிதானமாக்கிவிட்டது. மூக்கடைப்பு கொஞ்சம் உள்ள, 'ழ' சரியாக வராத, சோறு வேண்டாம் என்று அழுகிற அந்தக் குரல். ஒரே நிமிஷம். பிறகு அது ஆண்பிள்ளைக் குரலாகி, உறுமலாகி நின்றுபோனது.

இது காலனி முழுக்கப் பரவியது. புது செல் போட்டால் வாத்துதான் பாடும். தீர்ந்த செல் போட்டால் ஓடாது. பெரிய செல்தான் வேண்டும், அதுவும் பாதி செத்ததாக, அப்படி எந்தக் கடையில் விற்கிறார்கள்? ஆகவே நாங்கள் தயாரித்தோம். வீட்டிலிருந்த டார்ச்சுகளையெல்லாம் காலையிலேயே எரியவிட்டு மதில்மேல் வைத்தோம். வாட்ச்மேன் தன்னுடையதைக் கொண்டுவந்து வைத்தார். அடுத்த தெருவுக்குக் குடிவந்த, எமீமாவைப் பார்த்தே இராதவர்கள்கூடப் புதுச் செல் வாங்கி அதைச் சாகடிக்க உட்கார்ந்தார்கள். பட்டப்பகலில், மழை இருட்டில், எங்கள் மதில்கள் நெடுக டார்ச் எரிந்துகொண்டிருந்தது. வெளியூர்க்காரர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். வெளிச்சம் மஞ்சளாகி மங்கும் பக்குவத்தில் செல்லைக் கழற்றி ஓடிக்கொண்டுபோய்ப் பாக்கியத்திடம் கொடுப்போம். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு நிமிஷம் அவளுக்குக் கிடைத்தது.

அவள் முகம் தெளிந்தது. தலைக்கு எண்ணெய் வைத்தாள். வாசலில் நிற்கும் எங்களிடம், நேற்று என்ன சொன்னாள் தெரியுமா என்று ஆரம்பித்து, அதே இரண்டு வரியைத்தான் சொல்வாள். நாங்கள் புதிதாகக் கேட்பதுபோல் கேட்போம்.

கார்த்திகை நெருங்கும்போது ஒரு காலை சுடலைமுத்து மீன் கொடுக்க வந்தான். உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவன் செதிலைச் சீவிக்கொண்டே, தன்னை அறியாமல், சின்ன வயசில் பாடிய வரியைக் கூடச் சேர்ந்து முழுக்கப் பாடிவிட்டான். பாடி முடித்து, "அத்தை, சட்டி கொண்டாங்க" என்றபோது பழைய இடிக்குரல் வந்தது, பக்கத்து வீட்டுக் குழந்தை வீறிட்டது. பாக்கியம் ஓடிப்போய் நாடாவைத் திருப்பிப் போட்டாள். இப்போது அதில் இரண்டு வாத்துகள் இருந்தன.

அவ்வளவுதான் வழி என்று காலனிக்குத் தெரிந்துபோனது. கூடச் சேர்ந்து பாடினால் போதும். சொந்தக் குரல் திரும்பும், வாத்து நாடாவுக்குள் போய்விடும், எமீமாவின் மேல் ஒரு குரல் மூடும். சுடலைமுத்து குற்றம் செய்தவனைப் போல் அந்தத் தெருப்பக்கமே வராமல் மீன் விற்றான். பாக்கியம் கதவைத் தாழ்போட்டுக்கொண்டாள். செல் கொண்டுபோனால் ஜன்னல் வழியாக வாங்கிக்கொண்டாள். செல்வின் ஒரு தரம் வந்து, இரண்டு கேஸ் கைநழுவிப் போய்விட்டது அத்தை என்று கீச்சுக்குரலில் சொல்லிப் பார்த்தான். உள்ளே ரிகார்டரின் சத்தம்தான் கூடியது. கிரேஸ்லின் வரவே இல்லை. புதுவருஷத்துக்குள் வராவிட்டால் அவள் இடத்தில் வேறு பெண்ணை நிரந்தரமாக்கிவிடுவோம் என்று பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆளிடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள், அது பாக்கியத்துக்கும் தெரியும். எங்களில் பாதிப் பேர், செத்த பிள்ளைக்காக உயிரோடு இருக்கிற பிள்ளைகள் பட்டினி கிடப்பதா என்றோம். மீதிப் பேர், நீ பெற்று இழந்திருந்தால் தெரியும் என்றோம். வாய்ச்சண்டை முற்றி, ஒரே படிக்கட்டில் இருக்கிறவர்கள் முகம் பார்க்காமல் ஏறி இறங்கினார்கள். இரண்டு கட்சியும் டார்ச் எரிப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

அப்படியிருக்க ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பாக்கியமே தாழ்ப்பாளைத் திறந்து வெளியே வந்தாள். கிரேஸ்லினின் வீட்டுக்குப் போனாள், நாங்களும் சும்மா போகிறவர்கள் மாதிரிப் பின்னாலேயே போனோம். சாக்கு அறையில் எமீமாவுக்குப் பக்கத்தில் நின்றவள் நீதானே, அவள் எப்படிப் பாடினாள் என்று சொல், என்று கேட்டாள். கிரேஸ்லின் முதலில் தலையை ஆட்டி மறுத்தாள். பிறகு அந்தக் கீச்சுக் குரலில் சொன்னாள்:

"அவளுக்குப் பயம் அத்தை. பாட்ட எடுக்கவே மாட்டா. நான் இடுப்புல கிள்ளுவேன், அப்பதான் ஆரம்பிப்பா. எங்களப் பாத்துப் பாத்துதான் பாடுனா."

 அதற்குப் பாக்கியம் சொன்னதை நாங்கள் எல்லாரும் கேட்டோம்.

"ஒத்தையில நிக்கா பிள்ள. தினமும் கொஞ்சங் கொஞ்சமா பிந்திக்கிட்டே போறா. நேத்து பாதி வரி பாடல ஏட்டி, சும்மா மூச்சு மட்டும் கேக்குது. சுடலை குரல் உள்ள போன அன்னைக்கு ஒரு நாளுதான் தைரியமா பாடுனா. எனக்கு அது கேட்டுச்சு, கேக்காத மாதிரி இருந்துட்டேன். நான் கேக்கணும்ங்கதுக்காவ அவள இருட்டுல நிப்பாட்டி வச்சிருக்கேன்."

மறுநாள் ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் வாத்துக் குரல்காரர்களைத் தன் வீட்டுக்கு வரச் சொன்னாள். ஐந்து பேரும் வந்தார்கள். சுடலைமுத்து வாசலோடு நின்றுகொண்டான். அவள் எல்லாருக்கும் காப்பி போட்டுக் கொடுத்து, சுவரோரம் சாக்கு விரித்து, சின்னப்பிள்ளைகளை உட்காரவைப்பதுபோல் உட்காரவைத்தாள். ஒவ்வொருவராகப் பாடினால் போதும் என்று சொன்னாள். அங்கன்வாடி டீச்சர் பாடினாள், செல்வின் பாடினான், மற்ற இரண்டு பேரும் பாடினார்கள். ஒவ்வொருவருக்கும் நாற்பது வயசுக் குரல் திரும்பியபோது அவர்கள் சந்தோஷப்படாமல் குனிந்துகொண்டார்கள். ஒவ்வொரு தரமும் பாக்கியம் நாடாவைத் திருப்பி ஓட்டிக் கேட்டாள். ஐந்து வாத்துகள் கூச்சலாகப் பாட, அவர்களுக்குப் பின்னால் ஒன்று மட்டும் பிந்தி வந்தது. அந்தப் பிந்துதலை வைத்து, எத்தனை குரலுக்கு அடியில் இருந்தாலும், அவளுக்கு மகள் தெரிந்தாள். இத்தனை வருஷமாகக் கிடைக்காத அடையாளம் அது. அவள் சிரித்தேவிட்டாள்.

கடைசியாகக் கிரேஸ்லின் இருந்தாள். அவள் பாடவில்லை. எழுந்து வந்து பாக்கியத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாக, அந்தக் குரலில் எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சொன்னாள்.

"நான் பாடிட்டா கிள்ளிருவேன் அத்தை. அவ நேரத்துக்கு எடுத்துருவா. அப்புறம் ஒங்களுக்கு அவ எதுன்னு தெரியாது. நான் இப்பிடியே இருந்துக்கிடுதேன்."

"ஒனக்கும் ரெண்டு பிள்ளை இருக்கு," என்றாள் பாக்கியம். "அவ எத்தன நாளு பிந்தியே நிப்பா. பாடு."

பாக்கியமே பொத்தானை அழுத்தினாள். கரடி பாடியது, டோலக்கு அடித்தது, கிரேஸ்லின் கண்ணை மூடிக்கொண்டு, வலது கையை யாரோ பக்கத்தில் நிற்பதுபோல் லேசாக நீட்டிக்கொண்டு, இரண்டு வரியையும் பாடினாள். பாடி முடித்து அவள் இருமியபோது, பஸ் ஸ்டாண்டில் நாங்கள் எல்லாரும் கேட்டுப் பழகிய அந்தக் குரல் வந்தது.  பாக்கியம் நாடாவைத் திருப்பினாள், பொத்தானை அழுத்தினாள், குனிந்து காதை அந்தப் பெட்டியின்மேல் வைத்துக்கொண்டாள்.

வாத்துகள் ஒரே மூச்சில், ஒரே நேரத்தில், கொஞ்சமும் பிசகாமல் எடுத்தன. கரடி மாமாவிடம் இடம் கேட்டன. பாக்கியம் கண்ணை இடுக்கிக்கொண்டு கேட்டாள், காதை மாற்றி வைத்துக் கேட்டாள்.

"சேந்துட்டாளா பிள்ள?" என்றாள்.

"சேந்துட்டா அத்தை," என்றாள் கிரேஸ்லின்.

"எனக்குக் கேக்கல."

கிரேஸ்லின் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கரடி எல்லாரையும் வாங்க வாங்க என்றது. பாட்டு முடிகிறவரை யாரும் எழுந்திருக்கவில்லை.